எம்எஸ் தொடக்கத்தில் விஇபி, எஸ்எஸ்இபி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், என்று அண்மையில் தெரியவந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ரிப்போர்ட்டில் உள்ள ஏதோ ஓர் எண்ணைப் பற்றியவை. அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கேள்வி: என் தம்பிக்குக் கை மரத்துப்போகிறது. என்சிவி எடுத்ததில் எல்லாம் நார்மல். ஆனாலும் எம்எஸ் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். என்சிவி, அதாவது நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை, பார்ப்பது தண்டுவடத்தை விட்டு வெளியே வந்து கை கால்களில் ஓடும் நரம்புகளை. எம்எஸ் தாக்குவது மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை. ஆகவே எம்எஸ்ஸில் என்சிவி நார்மலாக இருப்பதே வழக்கம். உள்ளே ஓடும் பாதைகளைச் சோதிக்க வேறு பரிசோதனைகள் உண்டு. கண் வழியாகப் பார்ப்பது விஇபி, கை கால் நரம்பைத் தூண்டிப் பார்ப்பது எஸ்எஸ்இபி, காது வழியாகப் பார்ப்பது பெரா, மூளையைத் தூண்டித் தசையில் பதிவுசெய்வது எம்இபி. எல்லாவற்றையும் சேர்த்து ஈபி என்பார்கள். தம்பியின் ரிப்போர்ட்டில் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் இடது கண் மங்கி, இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. இப்போது பார்வை 6/6. ஆனால் விஇபி-யில் பி100 வலது 103, இடது 128 என்று வந்திருக்கிறது. கண் நன்றாகத் தெரியும்போது இது எப்படி?

சதுரங்கப் பலகை போன்ற கருப்பு வெள்ளைக் கட்டங்களைத் திரையில் காட்டி, நொடிக்கு 2 முறை கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்மண்டையில் ஒரு மின் அலை எழும். அது எழ ஏறக்குறைய 100 மில்லிநொடி ஆவதால்தான் பி100 என்று பெயர். அலை மிகச் சிறியது. மூளையின் மற்ற மின்னோட்டத்தில் மூழ்கிக் கிடக்கும். அதனால் 100 மறுமொழிகளைப் பதிந்து சராசரி எடுக்கிறார்கள். அப்போது இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து அலை தெளிவாகத் தெரியும்.

மயலின் உறை சிதைந்துபோன இடத்தில் செய்தி போய்ச் சேரும், ஆனால் மெதுவாகச் சேரும். 25 மில்லிநொடித் தாமதத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள். எழுத்துப் பலகையை வாசிக்க எத்தனை நரம்பு இழைகள் வேலை செய்கின்றன என்பதே முக்கியம், அவை எத்தனை வேகமாக வேலை செய்கின்றன என்பதல்ல. பார்வை திரும்பிய பிறகும் இந்தத் தாமதம் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் ஆகிய மூவர் 1972-இல் இதைக் காட்டிய பிறகுதான் விஇபி எம்எஸ் மருத்துவத்துக்குள் வந்தது.

ரிப்போர்ட்டில் அலையின் உயரத்தையும் பாருங்கள். தாமதம் மயலின் சேதத்தைக் காட்டுகிறது. உயரம் குறைந்திருந்தால் இழைகளே அழிந்திருக்கலாம். உயரம் நன்றாக இருந்து தாமதம் மட்டும் இருப்பது ஒப்பீட்டளவில் நல்ல செய்தி. கண் மங்கியிருந்த நாட்களில் எடுத்த விஇபி-யை அடிப்படை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். அப்போது வீக்கத்தால் செய்தியே தடைபட்டு அலை தட்டையாக வரும். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து எடுப்பதுதான் ஒப்பிட உதவும்.

இன்னொன்று. இரண்டு கண்களும் நார்மல் வரம்புக்குள் இருந்தாலும், இரண்டுக்கும் இடையே 10 மில்லிநொடிக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். வலது 101, இடது 113 என்றால் தனித்தனியே இரண்டும் பல லேபுகளில் நார்மல்தான்; சேர்த்துப் பார்த்தால் நார்மல் இல்லை.

கேள்வி: ஆறு மாதம் முன்பு பி100 118. இப்போது வேறு லேபில் 126. நோய் கூடிவிட்டதா? தூக்கமே வரவில்லை.

இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. லேப் மாறும்போது என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள்.

முதலில் திரை. பழைய குழாய்த் திரை உடனே மாறும். எல்சிடி திரை, சமிக்ஞை வந்த பிறகு சில மில்லிநொடி கழித்தே மாறும். லேபில் அந்தத் தாமதத்தை அளந்து கழிக்காவிட்டால் அது உங்கள் நரம்பின் கணக்கில் ஏறிவிடும். 8 மில்லிநொடி வித்தியாசம் இதிலிருந்தே வரலாம்.

அடுத்தது கட்டத்தின் அளவு. 1 டிகிரி கட்டம், 15 நிமிடக் கட்டம் என இரண்டு வகை வழக்கத்தில் உண்டு (இங்கே நிமிடம் என்பது நேரமல்ல, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). கண்ணிலிருந்து 1 மீட்டர் தொலைவில் திரை இருந்தால் முதலாவது 1.75 சென்டிமீட்டர், இரண்டாவது அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. சின்னக் கட்டத்துக்குப் பி100 பொதுவாகவே தாமதமாக வரும். ஒரு லேபின் பெரிய கட்டத்தை இன்னொரு லேபின் சின்னக் கட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. திரையின் வெளிச்சம் குறைந்தாலும் எண் கூடும்.

பிறகு நீங்கள். கண்ணாடி போடாமல் உட்கார்ந்தாலோ, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருந்தாலோ, தூக்கக் கலக்கத்தில் பார்வை திரையின் நடுப் புள்ளியிலிருந்து நழுவினாலோ அலை மங்கித் தள்ளிப்போகும். சின்னக் கட்டத்தில் இது இன்னும் மோசம். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். தலைக்குக் குளித்து, எண்ணெயோ ஜெல்லோ தடவாமல் போங்கள். எலக்ட்ரோடு ஒட்டும் இடத்தில் மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு அதைக் கெடுக்கும்.

ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்தாலும் 2, 3 மில்லிநொடி இப்படி அப்படி வரத்தான் செய்யும். ஆகவே முடிவு எழுதிய தாளோடு திருப்திப்படாமல் அலை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு முறை பதிந்து, இரண்டு கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிட்டிருப்பார்கள். உச்சிகள் பொருந்தி நிற்கின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். பொருந்தாத பதிவின் எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது. சிலருக்கு உச்சி இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒரு லேப் முதல் முனையையும் மற்றது இரண்டாம் முனையையும் குறித்திருந்தால், நோய் மாறாமலேயே எண் எகிறும்.

முடிந்தால் முதல் லேபிலேயே மறுபடி எடுங்கள். அதிலும் கூடியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்இபி என்றால் ஷாக் கொடுப்பார்களாமே? அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது.

மணிக்கட்டில் நொடிக்கு 3 முதல் 5 முறை மிகக் குறுகிய மின்துடிப்பு கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் 0.2 மில்லிநொடிதான். கட்டைவிரல் லேசாகத் துடிக்கும் அளவு வரை கூட்டுவார்கள். சுண்டுவது போல இருக்கும், ஆபத்தில்லை. இங்கே அலை இன்னும் சின்னது என்பதால் 500, 1000 முறை சராசரி எடுக்க வேண்டும். 1000 துடிப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை கழுத்தையும் தாடையையும் தளர்த்திப் படுத்திருப்பதுதான் அம்மா செய்ய வேண்டியது. தசை இறுகினால் அதன் மின்சாரம் அலையை மூடிவிடும். திரும்ப முதலிலிருந்து எடுக்க நேரும். இதில் தூங்கிவிட்டால்கூடப் பெரிய குற்றமில்லை.

ரிப்போர்ட்டில் மூன்று நிறுத்தங்கள் இருக்கும்: தோள் அருகே என்9, கழுத்தில் என்13, மூளையில் என்20. எம்எஸ்ஸில் பார்க்க வேண்டியது என்13-க்கும் என்20-க்கும் இடைப்பட்ட நேரம். அது 6 மில்லிநொடியை ஒட்டி இருக்கும். என்9-லேயே தாமதம் என்றால் கையின் நரம்பில் கோளாறு, அல்லது கை குளிர்ந்திருக்கிறது என்று பொருள். தோலின் வெப்பம் 1 டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். குளிர்ந்த அறையில் காத்திருந்தால் கையைச் சூடாக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கணுக்காலில் எடுக்கும்போது உயரத்தையும் பதிய வேண்டும். உயரமானவருக்குப் பாதை நீளம், அலை தாமதமாகத்தான் வரும்.

கேள்வி: எம்இபி எல்லாருக்கும் எடுக்கலாமா?

கூடாது. தலைமேல் காந்தத் துடிப்பு கொடுக்கும் பரிசோதனை அது. காக்ளியர் இம்ப்ளான்ட், தலைக்குள் உலோகக் கிளிப், பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம். இது எதற்கு? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

புதிய தழும்பு வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எம்ஆர்ஐ-க்கு நிகரில்லை. மருந்தை மாற்றுவதா என்ற முடிவும் அறிகுறிகளையும் எம்ஆர்ஐ-யையும் வைத்துத்தான். ஆனால் தழும்பு இருக்கும் இடத்தில் நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எம்ஆர்ஐ படம் சொல்வதில்லை. அதை ஈபி சொல்லும். எம்எஸ்ஸை உறுதிசெய்யப் பயன்படும் மெக்டொனால்ட் விதிகளின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் பார்வை நரம்பு, நோய் தாக்கும் தனி இடமாக எண்ணப்படவில்லை. 2024 திருத்தத்தில் அது ஐந்தாவது இடமாகச் சேர்ந்தது. அந்தப் பாதிப்பைக் காட்ட விஇபி, ஓசிடி (விழித்திரையை ஒளியால் படமெடுக்கும் ஸ்கேன்), எம்ஆர்ஐ மூன்றில் ஒன்று போதும். ஆனால் விஇபி தாமதம் எம்எஸ்ஸுக்கு மட்டும் உரியதல்ல. பி12 குறைபாடு, பார்வை நரம்பை அழுத்தும் கட்டி, விழித்திரை நோய் ஆகியவற்றிலும் வரும்.

எல்லாருக்கும் பொருந்தும் கால அட்டவணை கிடையாது. நோய் தெரிந்தவுடன் ஒரு முறை, ஓராண்டில் ஒரு முறை, பிறகு புதிய தொந்தரவு வந்தால் எடுப்பது நியாயமானது என்பது எங்கள் கருத்து. தொடக்கத்திலேயே எடுங்கள் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. அலை முழுக்க மறைந்துவிட்டால் அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. பெரா இதில் கடைசி. தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை போன்றவை இல்லாவிட்டால் வழக்கமாக வேண்டியதில்லை.

கேள்வி: காய்ச்சலோடு போய் எடுத்துவிட்டேன். செல்லுமா?

காய்ச்சல் விட்டதும் மறுபடி எடுங்கள். மயலின் இழந்த இழை உடல் சூட்டில் செய்தியை நிறுத்திவிடும். உடற்பயிற்சிக்குப் பிறகு பார்வை மங்குவதை 1890-இல் உட்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதியிருக்கிறார்; வெந்நீர்க் குளியலிலும் அப்படி ஆகும். உடல் ஆறினால் பழைய நிலை திரும்பும்.

கேள்வி: கிளெமாஸ்டின் மாத்திரையில் விஇபி சரியாகிறதாம். வாங்கிச் சாப்பிடலாமா?

வேண்டாம். இது ஒவ்வாமைக்கான பழைய மாத்திரை. 2017-இல் வெளியான 50 எம்எஸ் நோயாளிகள் ஆய்வில் ஒரு கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லிநொடி குறைந்தது, சோர்வு கூடியது. மயலின் திரும்ப வளரக்கூடும் என்பதற்கு அது நல்ல தடயம், அவ்வளவே. பலரின் சராசரியில் தெரியும் 1.7 உங்கள் ஒருவர் ரிப்போர்ட்டில் தெரியாது. ஒருவருக்கே நாளுக்கு நாள் 2, 3 மில்லிநொடி மாறும் என்று மேலே சொன்னோம் அல்லவா, அதற்குள் அடங்கிவிடும்.