பழைய புத்தக விற்பனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடுகளிலிருந்து நன்கொடையாக வரும் புத்தகங்களைத் தொண்டு அமைப்புகள் கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ பரப்பிக் குறைந்த விலைக்கு விற்பது பற்றிப் புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கான பதில்கள்தான்.

உள்ளே நுழைந்ததும் மலைப்பாக இருக்கிறது. மண்டபம் முழுக்கப் புத்தகம், எதை எடுப்பது என்றே தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். எப்படித்தான் தேடுவது?
– வாசகி, முத்தியால்பேட்டை

முதலில் எதையும் கையில் எடுக்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள் அம்மா. தமிழ் எங்கே, ஆங்கிலம் எங்கே, குழந்தைகள் புத்தகம் எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி மலைப்பு போய்விடும். மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் இருக்கும், மேலே இடம் காலியாகக் காலியாக அவற்றிலிருந்து எடுத்து அடுக்குவார்கள், அதனால் காலையில் பார்த்த மேஜையை மதியம் இன்னொரு தரம் பார்ப்பது வீண்வேலை இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் புத்தகங்களும் நடுவில் கலந்து கிடக்கும். ஆங்கிலப் புத்தகத்தின் முதுகில் பெயர் மேலிருந்து கீழே ஓடும், பிரெஞ்சில் பெரும்பாலும் கீழிருந்து மேலே. அதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கண் சீக்கிரம் பழகும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் மெல்லியவற்றுக்கு முதுகில் பெயரே இருக்காது, வெறும் பின் அடித்திருப்பார்கள், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தால்தான் உண்டு. பலர் தாண்டிப் போவது அந்தக் குவியலைத்தான், நல்லது அகப்படுவதும் அதில்தான்.

எதை எடுப்பது என்பதற்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இன்றைக்கும் கடையில் புதிதாகக் கிடைப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், இனி அச்சுக்கே வராததை முதலில் எடுங்கள். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் பெரிய நாவல்களைப் பல பதிப்பகங்கள் மலிவாகப் போட்டுக்கொண்டே இருக்கின்றன, அவற்றுக்காக அந்தக் கூட்டத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர், ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர், ஒரு சங்கத்தின் வெள்ளிவிழா மலர், இதெல்லாம் ஒரே தடவை அச்சாகி உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்டதோடு சரி. ஊர்க்காரர்களின் பெயர்கள், பழைய போட்டோக்கள், அந்தக் காலக் கடை விளம்பரங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். மஞ்சக்குப்பத்தில் அறுபது வருஷத்துக்கு முன் யார் என்ன கடை வைத்திருந்தார் என்பதை வேறு எந்தப் புத்தகத்தில் தேடுவீர்கள்?

அடுத்தது பைண்டு செய்த தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்து, சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அதே கதை இன்று புத்தகமாகக் கிடைக்கலாம், ஆனால் பல மறுபதிப்புகளில் பழைய ஓவியங்களை எடுத்துவிட்டார்கள். மணியம், கோபுலு, வினு போன்றவர்கள் வரைந்த படத்தோடு, அந்த வாரத்துக் கதை எந்த இடத்தில் நின்றது என்பதும் தெரிகிற மாதிரி படிக்க வேண்டுமென்றால் இந்த பைண்டுதான் வழி. அட்டையில் ஒன்றுமே எழுதியிருக்காது, வெறும் காலிகோ துணி ஒட்டியிருக்கும், அதனாலேயே மேஜையில் கேட்பாரில்லாமல் கிடக்கும். தயவுசெய்து திறந்து பாருங்கள். எல்லா வாரமும் இருக்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வாரம் இல்லையென்றாலும் விலை நியாயமாக இருந்தால் நான் எடுக்கத்தான் சொல்வேன்.

மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பெயர் இருக்கும். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் அறிவியல் புத்தகங்களும் அவ்வளவு அழகாக வந்தன. 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. சிலவற்றை இங்கே மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள், பல இன்னும் வரவில்லை.

முதல் பக்கம் கிழிந்துபோன புத்தகம் ஒன்று கிடைத்தது. எந்த வருஷத்தில் அச்சானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

நல்ல கேள்வி தம்பி. பின்னட்டையில் விலை இருக்கிறதா பாருங்கள். ரூபாய்–அணா கணக்கில் போட்டிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அப்போதுதான் நூறு காசுக் கணக்கு வந்தது. 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா, அது 1964 வரைதான். முகவரியில் 'சென்னை–17' என்று மட்டும் இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972இல். அப்புறம் எழுத்தைப் பாருங்கள். லை, ளை, னை, ணை, றா, ணா, னா இவை பழைய வடிவத்தில், அந்தக் கொம்பும் சுழியுமாக இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை, பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்துப் பின்னால் அச்சடித்ததும் உண்டு, ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

புத்தக வியாபாரிகள் கதவு திறந்ததும் உள்ளே புகுந்து, போனை வைத்து ஸ்கேன் செய்து நல்லதையெல்லாம் அள்ளிவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?
– வாசகர், லாஸ்பேட்டை

உங்கள் வருத்தம் புரிகிறது. அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், அந்தக் காசும் தொண்டுக்குத்தான் போகிறது, அதனால் அவர்களைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் ஸ்கேன் செய்வது பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்) பார்கோடை. ஆங்கில நாவல், பாடப்புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் ஆகியவற்றில்தான் அது வேலை செய்யும். 1970க்கு முந்திய தமிழ்ப் புத்தகம் எதிலும் அந்த எண் இருக்காது. மேலே சொன்ன மலரிலும் பைண்டு தொடர்கதையிலும் தேடினாலும் கிடைக்காது. நீங்கள் ஆசைப்படுகிற பழைய தமிழ்ப் புத்தகம் அவர்கள் போனுக்குத் தெரியவே தெரியாது. நிதானமாகத் தேடுங்கள்.

அறுபது ரூபாய் சொன்ன புத்தகத்தை நாற்பதுக்குக் கேட்டேன். மேஜையில் இருந்த பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. பேரம் பேசுவது தப்பா?
– வாசகர், முதலியார்பேட்டை

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பேசுங்கள், அங்கே அதுதான் வழக்கம். இங்கே வேண்டாம். அந்தப் பெண் சம்பளம் வாங்காமல் நிற்கிறார், விலையைக் குறைத்தால் குறைவது யாருடைய லாபமும் இல்லை, ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணமோ ஒரு நோயாளியின் மருந்தோ. பக்கம் கிழிந்திருந்தால் எடுத்துக் காட்டுங்கள், அவர்களே குறைத்துத் தருவார்கள். கடைசி நாள் மாலையில் பல இடங்களில் பை நிறைய இவ்வளவு என்று அறிவித்து விற்றுவிடுவார்கள், விலைதான் முக்கியம் என்றால் அதற்குக் காத்திருங்கள். பணம் எங்கே போகிறது என்று கேட்பதில் மட்டும் கூச்சம் வேண்டாம். நேர்மையாக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மகள் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறாள். அங்கே பெரிய பழைய புத்தக விற்பனை நடக்குமாம். நாங்கள் போகும்போது பார்க்கலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

கட்டாயம் பாருங்கள். லைஃப்லைன் அமைப்பு நடத்தும் புக்ஃபெஸ்ட்தான் அது, நகரின் பெரிய மாநாட்டு மையத்தில் நடக்கும். மனம் நொந்தவர்கள் எந்த நேரத்திலும் போனில் பேசுவதற்கான சேவையை 1963இல் சிட்னியில் தொடங்கிய அமைப்பு. பேரக்குழந்தைகளையும் கூட்டிப் போங்கள், சக்கரம் வைத்த பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது விமானத்தில் எடைக்கணக்கு இருக்கிறது, அதனால் குழந்தைகளுக்கு வாங்குவதை அங்கேயே வைத்துவிட்டு உங்களுக்கானதை மட்டும் கொண்டு வாருங்கள்.

வாங்கி வந்த புத்தகங்களில் ஒரே பூஞ்சை வாடை. வீட்டில் உள்ள மற்ற புத்தகங்களுக்கும் பரவுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பரவும். கடலோரக் காற்றில் இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. நம் பக்கம் 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்தது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்து நனைந்து காய்ந்த புத்தகங்கள் நன்கொடையில் கலந்துதான் வரும். வாங்குமுன் நடுவில் திறந்து முகர்ந்து பாருங்கள். ஓரத்தில் அலை அலையாகத் தாள் நெளிந்திருந்தால், பழுப்புக் கோடு ஓடியிருந்தால் தண்ணீர் பட்டது. பளபளப்பான ஆர்ட் தாள் ஒருமுறை நனைந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். வெறும் பழுப்புப் புள்ளிகள் பரவாயில்லை. பூச்சித் துளையைத் தட்டும்போது மெல்லிய தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம்.

வந்ததும் அலமாரியில் வைக்காதீர்கள். வெயில் வேண்டாம், தாளும் பசையும் வறண்டு நொறுங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் பக்கங்களை விரித்து இரண்டு மூன்று நாள் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் பூஞ்சைத் தூளை மென்மையான பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் துடையுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பூச்சி சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிரும் ஃபிரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம், குளிர் முழுக்கப் போகும்வரை அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். சுவடிகளுக்கு வசம்பும் வேப்பிலையும் வைத்தது நம் முன்னோர் வழக்கம். காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுங்கள், பச்சை இலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்தால் ஈரம்தான் சேரும். அலமாரியும் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் ஓதம் நேராகப் புத்தகத்துக்கு ஏறும்.

தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய புத்தகங்களை விற்பனைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
– வாசகி, நெல்லித்தோப்பு

கொடுக்கலாம் அம்மா, ஆனால் அவசரப்படாமல் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஓலைச்சுவடி, கையெழுத்து நோட்டுகள், 1954க்கு முன் பிரெஞ்சு ஆட்சியில் இங்கே அச்சான துண்டுப் பிரசுரங்கள், உள்ளூர்ப் பத்திரிகைகள் இருந்தால் மேஜைக்குப் போகக் கூடாது. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அங்குள்ள சைவ ஆகமச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. 1827 முதல் உள்ள ரோமன் ரோலண்ட் நூலகத்திலும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பிறகு விற்பனைக்குத் தரலாம். பாடத்திட்டம் மாறிப்போன கைடு, கரையான் தின்றது, வார இதழ்க் கட்டு ஆகியவற்றை நேராகப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள், தொண்டர்களுக்குப் பிரிக்கிற வேலை மிச்சம். மற்றதைச் சிறு பெட்டிகளாகக் கட்டி, மேலே தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள். பெரிய பெட்டியாகக் கட்டினால் யாராலும் தூக்க முடியாது.