சால்டரிங் பழக எதை வாங்குவது?

கேள்வி: டிவி பவர் போர்டில் ஒரு கபாசிட்டர் உப்பிவிட்டது. நானே கழற்றி மாற்றப் பழகலாம் என்றிருக்கிறேன். கடையில் 25 வாட் அயர்ன், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் 60 வாட் அயர்ன், இருபது சாமான் அடங்கிய கிட் என மூன்று காட்டுகிறார்கள். எது நல்லது?

பதில்: 60 வாட் அயர்னை வாங்குங்கள். பவர் போர்டில் கிரவுண்ட் தடம் அகலமான செம்பு. வைத்த சூட்டை அது இழுத்துக்கொள்ளும். 25 வாட்டில் சால்டர் ஈயம் இளகுவதற்குள் பக்கத்தில் உள்ளதெல்லாம் வெந்துவிடும். 340 டிகிரியில் வைத்தால் ஒரு காலுக்கு இரண்டு, மூன்று வினாடி போதும். விலை குறைந்த அயர்னில் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஈயம் இளகும் வேகத்தைப் பார்த்துத் திருப்புங்கள்.

பிளக் மூன்று பின் உள்ளதாக இருக்கட்டும். கடையிலேயே மல்டிமீட்டர் கேட்டு எர்த் பின்னுக்கும் டிப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் சரி, ஒன்றும் காட்டாவிட்டால் வேண்டாம். ஊசி முனை டிப் சூட்டைச் சரியாகக் கடத்தாது, 2 மி.மீ. உளி முனை ஒன்று சேர்த்து வாங்குங்கள். அதை அரம் வைத்துத் தேய்க்கக் கூடாது, மேலே உள்ள இரும்புப் பூச்சு போனால் செம்பு சீக்கிரம் அரித்துவிடும்.

கிட் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை நல்ல சால்டர் ஈயத்தில் போடுங்கள். 63/37 கலவை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), 0.8 மி.மீ., உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) உள்ளது. இது 183 டிகிரியில் சட்டென்று இளகி, சட்டென்று இறுகும். காரீயம் இல்லாத வகைக்கு 217க்கு மேல் வேண்டும், பழகுபவருக்குச் சிரமம். கலவை அச்சிடாத சுருளைத் தொடவே வேண்டாம். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸும் கூடாது, தடம் பச்சை பூத்து அறுந்துபோகும்.

புது கபாசிட்டர் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி வகை. உடம்பில் உள்ள பட்டை மைனஸ் பக்கம்.

போர்டைத் தொடுமுன் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். இன்சுலேஷன் உள்ள ஒயரில் 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கோத்து அந்தக் கபாசிட்டரின் இரு காலிலும் சில வினாடி வையுங்கள். மீட்டரில் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கை வைக்கலாம்.

கேள்வி: பழைய போர்டில் பழகும்போது கபாசிட்டரோடு செம்புப் பேடும் (காலைப் பற்றவைக்கும் செம்பு வட்டம்) உரிந்து வந்துவிட்டது. வேறு டீசால்டர் பம்ப் (இளகிய ஈயத்தை உறிஞ்சுவது) வாங்க வேண்டுமா?

பதில்: பம்ப் மேல் தப்பில்லை. ஈயம் முழுசாக இளகுமுன் இழுத்திருப்பீர்கள், அல்லது நெடுநேரம் சூடு வைத்திருப்பீர்கள். பேடை ஒட்டிய பசை விட்டுவிட்டது. முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் சேருங்கள். காரீயம் இல்லாத பழைய இணைப்பும் அதோடு கலந்து குறைந்த சூட்டில் இளகும். பிறகு இரு காலையும் மாறி மாறிச் சூடாக்கி, உடம்பை மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுங்கள். வலு போட வேண்டாம்.

ஓட்டையில் மிச்சமிருப்பதை பம்ப் உறிஞ்சும். உறிஞ்சாவிட்டால் அங்கும் புது ஈயம் சேர்த்து மறுபடி முயலுங்கள். மேலே படிந்திருப்பதற்கு 2 மி.மீ. விக்கில் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) ஃப்ளக்ஸ் தடவி, அதன் மேல் டிப்பை வைத்து, இரண்டையும் ஒன்றாகவே தூக்குங்கள். விக் ஆறினால் ஒட்டிக்கொண்டு பேடையும் பிய்த்துவிடும்.

உரிந்த பேடுக்காக போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். தடம் போகும் வழியில் பச்சைப் பூச்சைச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் ஈயம் பூசி, புது கபாசிட்டரின் காலை அங்கே மடக்கிப் பற்றவைக்கலாம்.