ஜெர்கின், பார்க்கா, ஓவர்கோட்: வின்னிபெக் குளிருக்கு எதை வாங்குவது?

கேள்வி: என் மகள் ஜனவரியில் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் படிக்கப் போகிறாள். அங்குள்ள கடைகளின் இணையதளத்தைப் பார்த்தால் பார்க்கா, அனோராக், பஃபர், பீ கோட், டஃபிள் கோட், ஷெல் என்று ஏகப்பட்ட பெயர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்வெட்டரும் ஜெர்கினும்தான். எதை வாங்குவது? இங்கேயே நல்ல ஓவர்கோட்டாக வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாமா? – வாசகி, மதுரை

பதில்: பார்க்கா என்று தேடுங்கள். தொடை வரை இறங்குவதாக, தலைமூடி உள்ளதாக இருக்கட்டும். ஓவர்கோட் வேண்டாம்.

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் கோட்டின் தையல் அமைப்பைத்தான் சொல்கின்றன. எவ்வளவு குளிர் தாங்கும் என்பதை அல்ல. நம் ஊரில் ஜிப் வைத்ததெல்லாம் ஜெர்கின். அங்கே ஜெர்கின் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆங்கிலத்தில் அது கையில்லாத மேலங்கி. ஜாக்கெட் என்றால் நம்மூர் ரவிக்கை இல்லை, இடுப்பளவில் நிற்கும் எந்த மேலங்கியும் ஜாக்கெட்தான். அதைவிட நீளமானால் கோட். ஆனால் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள்.

அனோராக் கிரீன்லாந்து இனுயிட் மக்களிடமிருந்து வந்தது. தலைவழியாக மாட்டுவது, முன்பக்கம் முழுதாகத் திறக்காது. இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய உடைகள். பார்க்கா என்ற பெயர் ரஷ்யாவின் வடகோடியில் வாழும் நெனெட்ஸ் மக்களின் மொழியில் பிறந்து, ரஷ்ய மொழி வழியாக அலாஸ்கா பக்கம் போனது. உண்மையான குளிருக்கு என்றே பிறந்த உடை அது. தலைமூடியின் விளிம்பில் ரோமம் வைப்பது அழகுக்காக இல்லை. எதிர்க்காற்று முகத்தில் நேராக அறையாமல் அதில் சிக்கித் தளர்ந்துவிடும். சிலவற்றில் விளிம்புக்குள் வளைகிற கம்பி இருக்கும். அதை முன்னால் இழுத்து வளைத்துவிட்டால் முகத்தைச் சுற்றி ஒரு குகை மாதிரி நிற்கும்.

பீ கோட்டும் டஃபிள் கோட்டும் கடலோடிகளின் உடைகள், இரண்டும் தடித்த கம்பளி. டஃபிளில் பொத்தானுக்குப் பதிலாக மரக்கட்டைகள் இருக்கும். கையுறையைக் கழற்றாமலே மாட்டலாம் என்பதால் பிரிட்டிஷ் கடற்படை அதை விரும்பியது. அக்டோபர் மாதத்துக்கு இவை அருமை. ஓவர்கோட் சூட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு காரில் போகிறவருக்கு. கழுத்து திறந்திருக்கும், தலைக்கு ஒன்றும் இருக்காது, பலமான காற்று கம்பளிக்குள் நுழைந்துவிடும்.

வின்னிபெக்கில் காற்றுதான் பிரச்சினையே. ஜனவரியில் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரியை ஒட்டி இருக்கும். மைனஸ் 20-இல் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 33 போலத் தெரியும். அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

பஃபர் என்பது தைத்துத் தடுத்த அறைகளுக்குள் செயற்கைப் பஞ்சோ வாத்துத் தூவியோ (வாத்தின் மென்மையான உள்ளிறகு) அடைத்தது. பஃபராகவே இருக்கும் பார்க்காக்களும் உண்டு. தூவி அடைத்ததில் 'டவுன்' என்று எழுதி 600, 700, 800 என்று எண் போடுவார்கள். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பும் என்ற கணக்கு அது. தூவியின் தரத்தைச் சொல்லுமே தவிர, எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. தடியாக அடைத்த 600, மெல்லிய 800-ஐ விடச் சூடாக இருக்கும். ஈரமானால் தூவி கட்டி தட்டிப்போகும் என்பது உண்மைதான். ஆனால் வின்னிபெக்கின் நடுக்குளிர்காலப் பனி உலர்ந்தது, உதறினால் உதிர்ந்துவிடும். மழை கொட்டும் வான்கூவருக்குப் போவதென்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஷெல் என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் மேல்தோல், உள்ளே எதுவும் அடைத்திருக்காது. 'மைனஸ் 30 வரை' என்ற சீட்டு அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணிப்பு. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம்.

கையில் எடுத்ததும் ஜிப்பைப் பாருங்கள். அதன் மேல் தனி மடிப்பு ஒன்று மூட வேண்டும். ஜிப் கீழிருந்தும் திறந்தால் நல்லது, பஸ்ஸில் உட்காரும்போது தொடையைப் பிடிக்காது. கைக்குள் மணிக்கட்டைக் கவ்வும் பின்னல் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்வெட்டரோடு போட்டுப் பார்த்து, இரு கையையும் தூக்கச் சொல்லுங்கள். அப்புறம், உள்ளே நாலு ஸ்வெட்டர் தேவையில்லை. கட்டடங்களுக்குள் ஹீட்டர் ஓடுவதால் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிடுவார்கள்.

இதையெல்லாம் போட்டுப் பார்த்து வாங்க அங்கேதான் வசதி, பழைய துணிக்கடைகளில்கூட நல்ல பார்க்கா கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான்: ஜனவரியில் இறங்குகிறவளுக்கு விமான நிலையக் கதவைத் தாண்டியதுமே கோட் வேண்டும். தெர்மல் உள்ளாடை, கம்பளி ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஜெர்கின், குல்லா, கையுறை இவற்றை இங்கிருந்தே போட்டு அனுப்புங்கள். அழைத்துப்போக யாராவது வருவார்கள் என்றால், ஒரு பார்க்காவை இரவல் வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிடுங்கள். மறுநாள் கடைக்குப் போய்க்கொள்ளலாம்.