சேவல்களத்தில் பிறந்த சொல்

கேள்வி: மதுவைத் தொடாதவரை ‘டீடோட்டலர்’ என்கிறார்களே, டீ மட்டும் குடிப்பவர் என்று பொருளா?

பதில்: நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். நண்பரிடம் பந்தயம் கட்டித் தோற்றும் இருக்கிறேன். அந்தச் சொல் பிறந்தது டீக்கடையில் அல்ல. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்துச் சேவல்கட்டு அரங்கில்!

பந்தயக் காசு புரண்ட அந்த இடத்தில்தான் 1830களில் மதுவிலக்குச் சங்கத்தார் கூடினார்கள். வேறு வழி? அன்று அங்கே எந்தச் சங்கம் கூடினாலும் பெரும்பாலும் மதுக்கடை மாடியில்தான் கூடும். அறைக்கு வாடகை கிடையாது. ஆளுக்கொரு குவளை பீர் வாங்கினால் போதும். குடியை விட்டவன் எங்கே போவான்? சேவல்களமோ நடுவில் திடல், சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். சேவலைப் பார்க்கக் கட்டியது, பேச்சாளரைப் பார்க்கவும் வாகாக அமைந்துவிட்டது.

சங்கத்தின் உயிர்நாடி ஜோசப் லைவ்சி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, நிலவறையில் தறி நெய்து, பிறகு பாலாடைக்கட்டி வியாபாரியானவர். முந்தைய சங்கங்கள் ஜின், பிராந்தி போன்றவற்றைத்தான் கடிந்தன. பீருக்கு மன்னிப்பு உண்டு. போதாக்குறைக்கு 1830ஆம் ஆண்டுச் சட்டம் பீர்க்கடை வைப்பதை மிகவும் எளிதாக்கிவிட்டது. லைவ்சிக்குப் பொறுக்கவில்லை. 1832 செப்டம்பர் 1 அன்று, பீர் உட்பட எந்த மதுவையும் தொடுவதில்லை என்று ஏழு பேர் உறுதி எடுத்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். கூட்டங்களில் பீரைக் காய்ச்சி வடித்து, இறங்கிய சாராயத்தைக் கொளுத்தியும் காட்டுவார். பீர் வெறும் சத்துபானம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் தீ ஒன்றே போதும்.

1833இல் ரிச்சர்ட் டர்னர் என்ற உறுப்பினர் எழுந்து, அரைகுறை விலக்கு உதவாது, ‘டீ-டோட்டல்’தான் வேண்டும் என்று முழங்கினார். ‘டோட்டல்’ என்றால் முழுமை. அதன் முதலெழுத்தான ஆங்கில ‘T’யை இன்னொரு முறை சேர்த்து அழுத்தினார். நாம் ‘முழுக்க முழுக்க’ என்பதுபோல. அவருக்குத் திக்குவாய், அதனால் வந்த சொல் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சொல்லைத் தந்த பெருமை அவர் கல்லறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

டீ? அதுவும் இருந்தது. சங்கத்தார் நடத்திய விருந்துகளில் பீருக்குப் பதில் டீதான் ஊற்றினார்கள். பந்தயப் பணத்தில் பாதியாவது எனக்குத் திரும்பி வர வேண்டும்.