யூக்கா அடித்தண்டு அமுங்கினால்

வணக்கம். மழைக்குப் பிறகு தொட்டியில் வளரும் யூக்கா என்ற அழகுச் செடியின் கீழ் இலைகள் மஞ்சளாகி, அடித்தண்டு அமுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கீழ் இலை மட்டும் பழுத்தால் கவலையில்லை, வயதான இலை உதிர்வதுதான். தண்டே அமுங்கினால் அழுகல். உரம் போட்டுத் தேற்றப் பார்க்காதீர்கள்.

இன்றே, தண்டு கெட்டியாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டுமுகம் வெளுப்பாக இருக்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் 1 அங்குலம் மேலே வெட்டுங்கள். நல்ல துண்டை நிழலில் ஒரு வாரம் காயவைத்து, பாதிக்குப் பாதி மணல் கலந்த புது மண்ணில் நடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அதில் தேங்கும் தண்ணீர்தான் யூக்காவுக்கு எமன். துளிர்க்க ஓரிரு மாதம் ஆகலாம். இடையில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.