100 வாட் ஆம்புலன்ஸ் சைரனில் இன்னொரு ஸ்பீக்கர் சேர்த்தால் சத்தம் கூடுமா? எந்த ஸ்பீக்கர் அதற்குப் பொருந்தும்?

கேட்டவர் ஒரு அறக்கட்டளை ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொள்கிறவர் போலிருக்கிறது. வண்டியில் 100 வாட் சைரன், மேலே ஒரே ஸ்பீக்கர். முன்னால் போகிறவர்கள் ஒதுங்குவதில்லை, அதனால் இன்னொன்று போடலாமா என்கிறார். போடாதீர்கள். காரணத்தை, நானே ஒரு யூனிட்டை (ஹாரனின் பின்னால் சத்தம் எழுப்பும் பகுதி) கருக்கிய கதையிலிருந்து சொல்கிறேன்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பத்துப் பதினைந்து ஆம்புலன்ஸ்களுக்கு ஒயரிங் பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆம்னி ஆம்புலன்ஸ் வந்தது. "அண்ணே, சைரன் போட்டா பக்கத்துல போற டூவீலர்காரனுக்கே கேக்கல" என்றார் டிரைவர் தம்பி. சைரன் பெட்டியில் கோளாறு இல்லை. மேலே ஏறிப் பார்த்தால் லைட் பாருக்குப் பின்னால் மைக் செட் ஹாரன் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்பீக்கர் போனதும் யாரோ கையில் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள்.

ஹாரனைக் கழற்றினேன். யூனிட்டோடு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். திருவிழாவுக்குக் கம்பம் கம்பமாகக் கட்டுவார்களே, அந்த 100 வோல்ட் லைன் ஹாரன். விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. 20 வாட்டில் வைத்த லைன் ஹாரன் 500 ஓம் (கரண்டுக்கான தடை) காட்டும். சைரனோ 11 ஓமுக்குச் செய்தது. 11 ஓமில் 100 வாட் வர 33 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 13 வாட்தான் வரும். அதனால்தான் பல சைரன் பெட்டிகளுக்குள் வோல்ட்டை ஏற்றிக்கொடுக்க டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, தூக்கினால் கனமாக இருப்பதும் அதனால்தான். அந்த 33 வோல்ட்டை 500 ஓமில் கொடுத்தால் கிடைப்பது சுமார் 2 வாட். 100 வாட் எங்கே, 2 வாட் எங்கே.

சரி, டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு யூனிட்டை நேராகச் சைரனில் கொடுத்தேன். யூனிட் 16 ஓம். 11-ஐவிடக் கூடுதல் ஓம் என்பதால் சைரன் பெட்டியின் ஆம்ப்ளிஃபையருக்குப் பாரம் குறைவு, ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். அது சரியான கணக்குதான். யூனிட்டுக்கு என்ன ஆகும் என்று மட்டும் போடவில்லை. சத்தம் பிரமாதமாக வந்தது, தம்பி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். மல்டிமீட்டர் வைத்தால் கன்டினியூட்டியே இல்லை, அதாவது உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பின்மூடியைத் திறந்ததும் கருகிய வாடை. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கறுத்து, அதோடு ஒட்டி அதிரும் மெல்லிய தகடான டயாஃப்ரத்தின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

அது 30 வாட் யூனிட். 33 வோல்ட்டில் 16 ஓம் சுமார் 68 வாட் இழுக்கும். போதாததற்கு, மைக் செட்டில் எழுதியிருக்கும் வாட்டும் சைரனின் வாட்டும் ஒன்று கிடையாது. மைக்கில் பேசும்போதும் பாட்டுப் போடும்போதும் நடுநடுவே இடைவெளி உண்டு, காயில் ஆறிக்கொள்ளும். சைரன் மூச்சுவிடாமல் கத்தும். அதுவும் பல சைரன்களிலிருந்து வருவது சதுர அலை, வோல்ட் ஒரு உச்சத்திலிருந்து மறு உச்சத்துக்குச் சட்டென்று தாவி அங்கேயே நிற்கும். உச்ச வோல்ட் ஒன்றாகவே இருந்தாலும் மெல்ல ஏறி இறங்கும் சைன் அலையைவிடச் சதுர அலை இரண்டு மடங்கு வாட் தள்ளும். அதனால் 100 வாட் சைரனுக்கு வாங்கும்போது "100 வாட் சைரன் ஸ்பீக்கர்" என்று கேட்டு வாங்குங்கள். 60 வாட் மைக் செட் யூனிட் பாதி விலைக்குக் கிடைக்கும், பார்க்கவும் அதே மாதிரி இருக்கும். தொடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது ஸ்பீக்கருக்கு வருகிறேன். 11 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக (இரண்டையும் அதே இரண்டு முனைகளில்) கொடுத்தால் 5.5 ஓம் ஆகிவிடும். 100 வாட் பெட்டி 200 வாட் கொடுக்கப் பார்க்கும். நல்ல பெட்டியாக இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது தானே அணைந்துகொள்ளும். மட்டமான பெட்டி சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, வண்டியில் நோயாளி இருக்கும்போது அவுட்புட் டிரான்சிஸ்டரைப் பறிகொடுக்கும். சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போடலாமே என்பார்கள். 22 ஓம் ஆகும், மொத்தமே 50 வாட், ஸ்பீக்கருக்கு 25. பெட்டிக்கு ஆபத்து இல்லை, சத்தத்துக்கு லாபமும் இல்லை. இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்றால் 200 வாட் சைரன் வாங்குங்கள். அதை 5.5 ஓமுக்கு, அதாவது 11 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்கு என்றே செய்கிறார்கள்.

எல்லாச் சைரனும் 11 ஓம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 8 ஓம், 16 ஓம் பெட்டிகளும் உண்டு. பின்பக்க ஸ்டிக்கரில் இருப்பதுதான் கணக்கு. மீட்டரை நம்பி ஓம் முடிவு செய்யாதீர்கள். மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் தடையை மட்டும், அது எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். 11 ஓம் ஸ்பீக்கர் 8 பக்கமாகவும், 16 ஓம் யூனிட் 11, 12 பக்கமாகவும் காட்டும். இதைப் பார்த்து 16 ஓமை "11 ஓம்தான்" என்று விற்றவர்கள் உண்டு.

200 வாட் போட்டால் மட்டும் எவ்வளவு கூடிவிடும்? வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் ஏறும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இறங்கும். 100 மீட்டரில் கேட்ட சத்தம் திறந்த ரோட்டில் 140 மீட்டரில் கேட்கும், அவ்வளவுதான். முன்னால் போகிற காரில் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடினால் அந்த 3 டெசிபல் எங்கே போனது என்றே தெரியாது.

என் அனுபவத்தில் ஸ்பீக்கர் இருக்கும் இடம்தான் பெரிய வித்தியாசம் காட்டியது. அந்த ஆம்னிக்கு என் கைக்காசில் 11 ஓம், 100 வாட் ஸ்பீக்கர் வாங்கி, கூரையிலிருந்து முன் பம்பருக்கு இறக்கினேன். ஹாரன் வாய்க்கு முன்னால் நம்பர் பிளேட்டோ தகடோ எதுவும் இல்லை. சத்தம் நேராக முன் வண்டியின் பின்கண்ணாடிக்குப் போகிறது. "அண்ணே, இப்பதான் பின்னால நர்ஸக்கா சொல்றது காதுல விழுது" என்றார் தம்பி. கூரை ஸ்பீக்கர் அதுவரை அவர் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தது.

இரண்டு ஸ்பீக்கர் போடுபவர்கள் பிளஸ், மைனஸைப் பார்த்துக் கொடுங்கள். ஒன்று மாறிவிட்டால் ஒன்றின் சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். சைரன் ஸ்பீக்கரில் டயாஃப்ரம் வெளியே தெரியாது, அதனால் பேட்டரியைத் தொட்டு அது எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்க முடியாது. சைரன் மைக்கில் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, நீங்கள் நேர் முன்னால் நில்லுங்கள். ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். குரல் எப்போது கனமாக வருகிறதோ அதுதான் சரி.

ஒயரையும் கவனியுங்கள். 100 வாட் சைரன் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய ஹாரன் ஒயரில் சொருகினால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும், 12-இல் 1 போனால் வாட்டில் ஆறில் ஒரு பங்கு போச்சு. பேட்டரியிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். லாரி சேஸிஸில் கட்டிய வண்டி என்றால் 24 வோல்ட் இருக்கும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் கெட்ட பழக்கம் நம்மிடம் உண்டு. ஒன்று எப்போதும் அரைச் சார்ஜில் கிடக்கும், இன்னொன்று அதிகச் சார்ஜ் ஏறி வீணாகும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சொந்தக் காருக்குச் சைரன் கேட்டு யாரும் வரவேண்டாம். 1989 மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுருதியில் கத்தும் ஹாரனை ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற சில வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதிக்கிறது. வழிவிடாதவருக்கு 2019 திருத்தத்தில் வந்த 194E பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. ஒருவரும் கட்டி நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.

உங்கள் சைரன் பெட்டியின் ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் பெட்டியையும் இப்போதுள்ள ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.