டாக்டர் பதில்: ஓய்வெடுத்தால் உடம்பு கெடுமா?

உங்கள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. 52 வயது, மாரடைப்பு. இதை உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில் எழுதி, ஓய்வெடுத்தால் உடம்பு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று பக்கமும் தலைவலியும் வாட்ச் காட்டும் எண்களும்தான்.

சாய்ந்து உட்கார்ந்ததால் யாருக்கும் மாரடைப்பு வருவதில்லை. இதய ரத்தக்குழாயில் கொழுப்பு வருஷக்கணக்கில் படியும். ஒருநாள் அந்தப் படிவு கீறிக்கொள்ள, அங்கே ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அது மின்சார ரயிலிலும் நடக்கலாம், ஈஸிசேரிலும் நடக்கலாம். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு போனை அணைத்துவிட்டு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாவலோடு உட்கார்ந்து, சாயங்காலம் பெசன்ட் நகர் மணலில் கால் நீட்டும் உங்கள் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். 46 வயதில், குரோம்பேட்டையில் குடும்பமும் கிண்டியில் வேலையுமாக இருப்பவருக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதே பெரிய விஷயம்.

அன்றைக்கு மட்டும் மண்டையைப் பிளக்கிறதே என்கிறீர்கள். வேலை நாளில் நாலு டம்ளர் ஃபில்டர் காபி. ஓய்வு நாளில் 'உடம்பைச் சுத்தம் செய்ய' ஒரு சொட்டுகூடக் கிடையாது. கடைசிக் காபி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, தலைவலி ஞாயிறு காலை 10 மணிக்கு. நடுவில் 18 மணி நேரம். காபியை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை வலிக்கத் தொடங்கும் என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் யூடியூபில் பார்த்துப் பயந்த மூளைக் கட்டி, சனிக்கிழமை வரை காத்திருந்து லீவு நாளில் மட்டும் வலிக்காது. வழக்கமான நேரத்துக்கு எழுந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுங்கள். காபியைக் குறைக்க ஆசையென்றால் வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தூக்கத்தில் நாடி 54 என்று வாட்ச் காட்டுவது இயல்பு. படுத்திருக்கும்போது எப்போதாவது ஒரு துடிப்பு 'தப்பி' அடுத்தது ஓங்கி அடிப்பது பெரும்பாலும் தொந்தரவில்லாதது. பஸ் இரைச்சலில் கேட்காதது நிசப்தத்தில் கேட்கிறது. அண்ணி கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. அது அண்ணிக்கு எழுதிக் கொடுத்தது, அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இனி, கடைசி வரிக்கு மேல் போகிறபோக்கில் எழுதிய ஒன்று. "மூணு வாரமா கிண்டி ஸ்டேஷன் படி ஏறும்போது தாடையை யாரோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி, தொண்டையில் கேஸ் அடைத்த மாதிரி இருக்கிறது. ரெண்டு நிமிஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடுகிறது."

அம்மா, இது கேஸ் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கேஸ் உங்கள் படிக்கட்டை எண்ணிக்கொண்டு வராது. ஏறும்போது வந்து, நின்றால் போகிறது என்றால், வேலை கூடும்போது இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லையோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது நெஞ்சுவலியாகவே வர வேண்டும் என்பதில்லை. தாடை, தோள், மேல்வயிறு, வெறும் மூச்சுத்திணறல் என்று எப்படியும் வரும். உங்களுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை, அப்பா 55 வயதுக்கு முன்பே மாரடைப்பில் போனவர், தொந்தரவு தொடங்கி மூன்றே வாரம். புதிதாக வந்தது என்பதுதான் என்னை அவசரப்படுத்துகிறது.

தெருமுனை லேபில் எடுத்த ஈசிஜி 'நார்மல்' என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அது கட்டிலில் படுத்திருந்தபோது எடுத்தது. படுத்திருக்கும்போதுதான் உங்களுக்கு ஒன்றும் இல்லையே! இதயத்தை ஸ்கேனில் பார்க்கும் எக்கோவா, நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில்லா, ரத்தக்குழாய் அடைப்பைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவா என்பதை இதய மருத்துவர் உங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார். டிரெட்மில்லை மட்டும் நீங்களாகப் போய் எந்த லேபிலும் செய்துகொள்ளாதீர்கள்.

தலைவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். இதயத்தில் அடைப்பு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர் கிட்டே போகக் கூடாத மாத்திரை அது.

அடுத்த ஞாயிறுவரை தள்ள வேண்டாம், நாளைக் காலையே இதயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அதற்குள் இந்த இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, நின்றும் ஐந்து நிமிஷத்தில் விடவில்லை என்றாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, கேஸ் மாத்திரையைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப் போங்கள், அண்ணி கொடுத்ததையும் காட்டுங்கள். அந்த லேப் ஈசிஜியும் இருக்கட்டும். கிண்டிப் படி ஏற வேண்டாம். வீட்டு வாசலிலேயே ஆட்டோ பிடித்து, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.